படிவத்தில் இடமில்லாதவை

எப்போதிலிருந்து வலி என்கிறார் டாக்டர் ஆனலீஸ்.
எந்த முழங்கால் என்று முதலில் கேளுங்கள்.
இடது, மழையை முந்திக்கொண்டு சொல்லும்.
வலது, படிக்கட்டைக் கண்டாலே முறைக்கும்.

வயது ஐம்பத்து மூன்று. எழுதிக்கொள்கிறார்.
எடை, தராசு சொன்னதை நான் ஒப்பவில்லை,
அதையும் எழுதிக்கொள்கிறார்.
உடம்பில் ஒரு கிலோ ஏறினால்
முட்டிக்கு அது நாலு கிலோவாம்.
ஞாயிற்றுக்கிழமை வாஃபிள்களை
நாலால் பெருக்கத் தொடங்கி
பாதியில் விட்டுவிடுகிறேன்.

வீட்டில் யாருக்காவது?
அம்மாவுக்கு விரல்கள், இஞ்சித் துண்டு மாதிரி.
நாற்பது வருடம் லினன் ஆலையில் நின்றவள்,
ஆலைதான் காரணம் என்றிருந்தோம்.
அக்கா கோட்லீவ் வங்கியில் உட்கார்ந்த வேலை.
அவளுக்கும் இப்போது அதே இஞ்சி.

பழைய அடி?
பத்தொன்பது வயதில், ஹாரல்பேக் மைதானத்தில்,
சேற்றில் கால் நின்றது, நான் மட்டும் திரும்பினேன்.
உள்ளே கிழிந்த ஜவ்வை வெட்டி எடுத்துவிட்டு
இனி தொல்லை இல்லை என்றார்கள்.
கோல் விழுந்தது. அதையும் எழுதுங்கள்.

தொழில்?
தரைவிரிப்பு போடுகிறவன், கோர்ட்ரைக் நகரில்.
விரிப்பைச் சுவர்வரை இழுக்க ஒரு கருவி உண்டு.
முன்னே பல், பின்னே சின்ன மெத்தை.
மெத்தையை முழங்காலால் இடிக்க வேண்டும்,
மூலைக்கு மூலை, வலது காலால்,
கோபமில்லாமல் ஒருவனை உதைப்பது போல.
இருபத்தொன்பது வருடம்.
இரண்டு தியேட்டர், ஒரு நீதிமன்றம்,
ஓஸ்டெண்டில் கடலைப் பார்த்த ஹோட்டல், எட்டு மாடி.
அங்கே நடப்பவர்களுக்கு
தங்கள் காலடி தங்களுக்கே கேட்காது.
அந்தச் சத்தமெல்லாம் எங்கே போனது என்று
நான் உட்கார்ந்து எழும்போது கேளுங்கள்,
கறகறவென்று பதில் வரும்.

முட்டிக்கவசம் தரவில்லையா?
தந்தார்கள். வியர்த்தது.
வேனில் பின்சீட்டுக்கு அடியில்
புதுசாகவே கிடக்கிறது.

எதையும் தனியாகச் சொல்ல முடியாது லீவன்,
எல்லாம் சேர்ந்ததுதான் என்கிறார்.
அப்படியென்றால் யாரைத் திட்டுவது?
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

அப்போதுதான் கண்ணில் பட்டது,
அவர் மேசைக்கு அடியில் வினைல் தரை
இணைப்பு விட்டு உதடு பிரிந்திருந்தது.
யாரோ அவசரக்காரன் ஒட்டியது.
யோசிக்கவில்லை, இறங்கிவிட்டேன்,
கட்டைவிரலால் நீவி அழுத்தினேன், பொருந்தியது.
எழத்தான் முடியவில்லை.

பேனாவை வைத்துவிட்டு அவர் வந்தார்,
கை கொடுக்கக் குனிந்தார்.
டக் என்று ஒரு சத்தம்.
என்னுடையது அல்ல.

இருவரும் கேட்டோம்.
அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை.