தடைக்கால விதிகள்

தடைக்காலம். ஐஸ் கம்பெனிக்குள் ஈ பறக்கும் சத்தம் கேட்டது.
பார் உறையாத நாளில் கணக்கும் இல்லை.
மண்டபம் மாடி அறையில் உட்கார்ந்து
பேரேட்டின் பின்பக்கம் ஆட்ட விதிகள் எழுதினேன்.
இருபது முகப் பகடை ஒன்று வரவழைத்திருந்தோம்,
பகடையைவிடக் கூரியர் செலவு அதிகம்.

முதல் சிக்கல் நயினாவால் வந்தது.
அவன் ஆடும் மாலுமிக்கு ஆறு சான்றிதழ்:
தீயணைப்பு, உயிர்காப்பு, முதலுதவி, இன்னும் மூன்று.
"இதுக்கு எத்தனை பாயிண்ட்?"
நிஜ நயினாவின் பிளாஸ்டிக் ஃபைலிலும் அதே ஆறு.
கப்பல்தான் இரண்டு வருடமாகக் கூப்பிடவில்லை.

பக்கத்தின் நடுவே கோடு கிழித்தேன்.
இந்தப் பக்கம் கை, அந்தப் பக்கம் காகிதம்.
புயலில் வடம் பிடிக்கக் கையை எண்ணி உருட்டு.
துறைமுக கேட்டில் உருட்ட வேண்டாம்,
காகிதத்தைக் காட்டு, திறக்கும்.

ஜெரோபினுடைய ஆள் இஞ்சின் மெக்கானிக், அவனைப் போலவே.
இருமலைக் கேட்டே எந்த சிலிண்டர் என்பான்.
கை: பதினேழு. காகிதம்: ஒரு கோடு.
"அந்தக் கோட்டையாவது நேராப் போடுறா."

செல்சியா அதுவரை பேசவில்லை.
"அரியருக்கு என்ன விதி?"
மூன்று வருடம் வார்டில் நின்றவள்.
மைக்ரோபயாலஜி. இரண்டு மார்க்.
"பாதி போட்டுக்கலாம்" என்றேன்.
"பாதி நரம்புல ஊசி ஏறுமா?"

பேரேட்டைப் புரட்டினேன், எதற்கென்று தெரியாமல்.

அன்று ராத்திரி ஒன்பதாம் தீவில்
தண்ணீரில்லாமல் நாலு நாள் மிதந்த ஒருவன் ஒதுங்கினான்.
நரம்பெல்லாம் உள்ளே ஓடிப்போயிருந்தது.
செல்சியா உருட்டினாள். பத்தொன்பது.
முதல் குத்திலேயே டிரிப் இறங்கியது.
ஆனால் பதிவேட்டில் ஒப்பம் வேண்டுமே.
நயினாவின் மாலுமி வந்து போட்டான்,
முதலுதவி, மூன்று நாள் வகுப்பு.

எல்லோரும் சிரித்தோம். முதலில் சிரித்தது அவள்தான்.
பிறகு பகடையை எடுத்து
ஒவ்வொரு முகமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
இருபதும் சரியாக இருக்கின்றனவா என்பதுபோல்.

அவர்கள் போனபின் பென்சிலால் எழுதினேன்:
கை ஒருவருடையது,
கையெழுத்து இன்னொருவருடையது என்றால்

மேலே ஓடவில்லை.

ஜூன் பதினைந்து விடியுமுன் கம்ப்ரஸர் உறுமியது.
முதலாளி பேரேட்டைப் பிடுங்கித் தலைகீழாகத் திறந்து,
அந்த வரிக்கு நேர் கீழே,
பேனாவால் எழுதினார்:
பார் நூற்றி நாற்பது. பாக்கி முப்பத்தாறு.