ஒரு மெட்டு தள்ளி

ஐம்பது நாட் காற்றில் எங்கள் படகு போகாது.
பெல்மாண்ட் துறையில் கயிற்றை இரட்டையாய்க் கட்டிவிட்டுக்
காத்திருப்பு அறை ஹீட்டரோடு ஒண்டிக்கொள்கிறேன்.
மடியில் கிட்டார்,
கழுத்தை வலப்பக்கம் நீட்டிக்கொண்டு.

லெர்விக்கில் பழைய சாமான் கடைக்காரர்
பாதி விலைக்குத் தள்ளிவிட்டார்.
நாலு பேர் வாங்கி நாலு பேரும் திருப்பித் தந்ததாம்.
எனக்குக் கயிறு வீசுவது, கரண்டி பிடிப்பது,
கையெழுத்து, கதவு திறப்பது எல்லாம் இடது.
இடக்கை என்று வாய் சொல்லும்போதே
இடக்கு என்று கண் சொல்கிறவர்களைப்
பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்குத் தெரியும்.

வாங்கும்போதே அது டி ஏ டி ஜி ஏ டி.
முன்னால் வைத்திருந்தவர் யாரோ, எதற்காகவோ
அப்படிச் சுருதி கூட்டியிருக்கிறார்.
பிருடையைத் தொட எனக்கு மனம் வரவில்லை.
ஒருவர் கட்டிலில் படுத்துக்கொண்டு
தலையணையை மட்டும் மாற்றுவானேன்?

புத்தகத்தில் இருந்த படங்கள்
வலக்கைக்காரர்களுக்கு, வழக்கமான சுருதிக்கு.
எனக்கு இரண்டு மடங்கு பொய்.
முதல் பொய்க்கு வழி இருந்தது:
வெண்ணெய்த்தாளில் படியெடுத்துத் தாளைப் புரட்டினேன்.
இரண்டாவதற்கு எந்தத் தாளும் உதவாது.
ஆறு நரம்பையும் மெட்டு மெட்டாக எண்ணி
வண்டிக் கணக்கு எழுதும் படிவத்தின் முதுகில் புள்ளி வைத்தேன்.
கயிற்றில் எப்போதோ காய்த்துவிட்டது இடக்கை.
நரம்பில் இப்போதுதான் காய்க்கிறது வலக்கை.

டோரியன், ஏயோலியன், மிக்ஸோலிடியன்.
மருந்துச் சீட்டில் பார்த்தது போன்ற பெயர்கள்.
ஒரு வாரம் தலைகால் புரியவில்லை.
பிறகு தளத்தில் வண்டி ஏற்றும்போது பிடிபட்டது.
அதே ஏழு வண்டிதான்.
சால்மன் லாரி முதலில் ஏறினால் ஒரு சாய்வு,
தபால் வேன் முதலில் ஏறினால் இன்னொன்று.

ராஸ்மி எஞ்சின்காரன், வலக்கை.
ஒரே பெஞ்சில் இடம் மாறி உட்கார்ந்துவிட்டால்
இரண்டு கிட்டாரும் கழுத்தோடு கழுத்து இடிக்கும்.
எதிரே உட்கார்ந்தால் அவன் எனக்குக் கண்ணாடி,
தாடி வைத்த கண்ணாடி.
ஆனால் அவன் சுருதி வேறு.
அவன் விரல் போகிற இடம் பார்த்து விரல் வைத்தால்
ஊர் சரி, தெரு தப்பு.

இன்று ஏயோலியன்.
எனக்குச் சோகம் வேண்டும், காரணம் சொல்லப்போவதில்லை.
வெறும் நரம்பு, இரண்டு, மூன்று.
ஏ நரம்பில் மட்டும் வெறும், ஒன்று, மூன்று.
ஜி நரம்பில் ஒரே சுரம், விரலே வேண்டாம்,
பஸ் நிற்காமல் ஹாரன் மட்டும் அடித்துவிட்டுப்
போகிற நிறுத்தம் மாதிரி.
மூன்று மணிக்கே இருட்டிவிட்ட ஜனவரி.
விரல் மரத்து
ஒன்றில் விழவேண்டியது இரண்டில் விழுந்தது.

"தப்பு" என்றான் ராஸ்மி,
குறுக்கெழுத்திலிருந்து தலை தூக்காமல்.
மறுபடி அங்கேயே வைத்தேன்.
மறுபடி.
"இப்போ தப்பில்லை" என்றான்.

சோகம் போய்விடவில்லை. ஆனால்
ஜூன் மாத நடுராத்திரியில் எங்கள் வானம்
இருட்ட மறந்து, விடியவும் மனமில்லாமல்
அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் நிற்குமே,
கரையில் வலை பிரிக்கிறவன் முகம் தெரிகிற அளவுக்கு,
அந்த வெளிச்சம்
ஒரு மெட்டு தள்ளி இருந்திருக்கிறது
இத்தனை நாளும்.

சாய்தளத்துக்கு அடிக்கும் மஞ்சள் பெயின்டைத்
தீக்குச்சியில் தொட்டு
இரண்டாம் மெட்டின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தேன்.
யோசித்துவிட்டு முதல் மெட்டுக்கும் ஒன்று.
அழவேண்டிய நாள் எங்கே போய்விடப்போகிறது?

ரேடியோ கரகரக்கிறது. எட்டரைக்குப் போகலாமாம்.
சால்மன் லாரிதான் முதலில்.