ஆளுக்கு மூன்று லிட்டர்

சனிக்கிழமை என்று முடிவாயிற்று.
திங்கள், புதன், வெள்ளி
சாக்ரனின் ரத்தம் இயந்திரத்துக்குள் போய்வரும் நாட்கள்.
ஞாயிறு உடம்பு கனத்துவிடும்.
சனி ஒன்றுதான்
அவன் செருப்பு அவன் காலுக்குச் சேரும் நாள்.

போர்ட் எலிசபெத், மலபார் பேட்டை,
எங்கள் சமையலறை மேசை.
வரைபடம் சுருளாமலிருக்க
ஒரு மூலையில் ஊறுகாய், ஒரு மூலையில் டார்ச்,
ஒன்றில் உப்புச்சாடி,
நான்காவதில் நோசிப்போவின் முழங்கை.

கரூ வெளியில்
எப்போது விழலாம் என்று யோசித்தபடி
பாறைத் தூண்கள் நிற்கும் பாழ்ப் பள்ளத்தாக்கு.
அதன் விளிம்பு வரை காரிலேயே போகலாம், சாலை உண்டு.
நாங்கள் அடியிலிருந்து நடந்து ஏறப்போகிறோம்.
"அதுதான் ஏன்?" என்று கேட்டாள் தங்கை கோகி,
புது பூட்ஸுக்குப் பணம் கட்டிய பிறகு.

கணக்கெல்லாம் சாக்ரன்தான்.
துறைமுகத்தில் இருபத்தாறு வருடம்
கன்டெய்னர் எண்ணியவன்.
மூன்று மணிக்குப் புறப்பாடு.
ஏழுக்குள் முதல் அடி.
பத்துக்குப் பிறகு
நிழல் என்பது உங்கள் தொப்பிக்குக் கீழே மட்டும்.
பதினொன்றுக்கு உச்சி.
தண்ணீர், ஆளுக்கு மூன்று லிட்டர்.

"மூன்றா? என் முதுகு என்ன கழுதை முதுகா?
ஒன்றரை போதும், நான் அதிகம் குடிக்கிற ஆளில்லை"
சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் கோகி.

அவனுக்கு ஒரு நாளைக்கு எண்ணூறு மில்லி.
ரசமும் அதில் சேர்த்தி, தயிரும் சேர்த்தி,
மாத்திரை விழுங்கும் மடக்கும் சேர்த்தி.
அவன் தம்ளரில்
என் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு.
பிற்பகலில் ஒரே ஒரு பனிக்கட்டி,
கன்னத்தில் ஒதுக்கி
மிட்டாய் தீரக்கூடாத பிள்ளை மாதிரி.

அந்த வாய்தான் சொல்கிறது:
"தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதே.
இருபது நிமிடத்துக்கு ஒருமுறை குடி.
வேண்டாவிட்டாலும் குடி."
நோசிப்போ எழுதிக்கொண்டாள்.
என் பேனா நகரவில்லை.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
ஆறு வற்றிய ஊருக்கு
இவன் அளந்துகொண்டிருக்கிறான்.

வரைபடத்தில், சாலை முடியும் இடத்தில்,
பென்சிலால் ஒரு சின்னச் சதுரம்.
"இது என்ன?"
"கார்."
"கார் கீழேதானே நிற்கும்?"
"உங்களை இறக்கிவிட்டு நான் மேலே ஓட்டிப்போவேன்.
கம்பிவேலி வரை ஒரு நூறு அடி, நின்று நின்று நடப்பேன்.
நீங்கள் வியர்த்து வழிந்து வந்து சேர்வதற்குள்
நான் பார்த்து முடித்திருப்பேன்."
"அட, திருட்டு அத்தான்!" என்றாள் கோகி.
"ஐந்து லிட்டர் கேன் ஒன்று காரில் இருக்கும்.
இறங்கும்போது நிரப்பிக்கொள்ளுங்கள்."

நான்கு மணி நேரம்.
வெயில். ஐந்து லிட்டர். இவன் தனியாக.
"அதன் பக்கத்திலேயா உட்கார்ந்திருப்பாய்?" என்றேன்.
அவன் பென்சிலைச் சீவினான்.
"துறைமுகத்துக்காரன் நான்.
குடிக்க முடியாத தண்ணீர் பக்கத்தில் இருப்பது
எனக்குப் புதிதா?"

யாரும் சிரிக்கவில்லை.
பிறகு அவனே சிரித்தான்,
பிறகு நோசிப்போ,
வரைபடத்தின் நான்காவது மூலை
சுருண்டு எழுந்தது.

எல்லோரும் போனபின்
அலமாரியைத் துழாவி
அகல வாய் ஃபிளாஸ்க்கை எடுத்தேன்.
அவன் பட்டியலில் இல்லாத சாமான் இது.
காரில் வைத்தால் கண்டுபிடித்துவிடுவான்,
அதனால் என் முதுகில்தான் ஏறும்.
ஒரு பனிக்கட்டி, முப்பது மில்லி,
அன்றைய எண்ணூறில் கழித்தாயிற்று.

மூன்றிலிருந்து பதினொன்று வரை
எட்டு மணி நேரம் தாங்குமா என்று
இன்றே சோதிக்கிறேன்.
மூடி இறுக்கியபோது மணி ஒன்பது.
காலை ஐந்துக்கு எழுந்து
குலுக்கிப் பார்க்க வேண்டும்,
சத்தம் கேட்கிறதா என்று.