பொருள் எண் ஏழு

மார்ச் பதினொன்று, செவ்வாய், மாலை ஆறரை.
கால்டர் நகர வாரியம். உறுப்பினர் ஐவர்.
பார்வையாளர் மூவர், அதில் ஒருவர் குளிருக்கு ஒதுங்கியவர்.
குறிப்பெடுப்பது நான். பதினாறு வருஷமாக எழுத்தர்.

ஒன்று முதல் ஆறு வரை
நாய் உரிமம், சாலைக்கு உப்பு, நூலகத்துக்கு நாற்காலி.
கை தூக்கினார்கள், இறக்கினார்கள்,
நிறைவேறியது, நிறைவேறியது என்று எழுதினேன்.

பொருள் எண் ஏழு:
நாங்கள் உட்கார்ந்திருக்கிற இந்தக் கட்டடம்.

தொள்ளாயிரத்து இருபத்தொன்றில் தீயணைப்பு நிலையம்.
செம்மணற்கல். வண்டிகள் நின்ற கீழ்த்தளத்தில்
இப்போது பனி தள்ளும் லாரி;
அது கசியவிட்ட எண்ணெய் தரையில்
மிச்சிகன் வரைபடம் போலவே பரவியிருக்கிறது,
எங்கள் வடகரையை மட்டும் விட்டுவிட்டு.

தண்ணீர்க் குழாய்களைத் தொங்கவிட்டு உலர்த்திய கோபுரம்
மேற்கே நாலு அங்குலம் சாய்ந்திருக்கிறது.
இதைச் சொல்ல டுலூத்திலிருந்து வந்த பொறியாளர்
பதினாலாயிரம் டாலருக்கு பில் வைத்தார்.
அந்தக் காசில் பாதிக் கூரையை மாற்றியிருக்கலாம்
என்றாள் ஜென்னா ட்ரெவாரோ. குறித்துக்கொண்டேன்.
என் கைபேசிக்கு சிக்னல் கிடைப்பது
அந்தச் சாய்ந்த கோபுரத்துக்குள் மட்டும்தான்.
இதைக் குறிக்கவில்லை.

இடிக்க, இரண்டு லட்சத்து இருபதாயிரம்.
நிமிர்த்த, ஆறு லட்சம்.
சும்மா விட்டுவைக்க எவ்வளவு என்று யாரும் கணக்கிடவில்லை,
அதைத்தான் இத்தனை நாளும் செய்து வருகிறோம்.
கிரீன் பேயிலிருந்து ஒருவர் கடிதம் போட்டிருந்தார்:
ஒரு டாலர் தருகிறேன், பீர் காய்ச்சுகிறேன்,
நண்பகல் சங்கை மட்டும் கழற்றிவிட வேண்டும்,
வாடிக்கையாளர் காதுக்கு ஆகாது.

மிலன் க்ராச்சிச் அறிக்கையைப் புரட்டி
முப்பத்தொன்றாம் பக்கத்தை உரக்க வாசித்தார்:
"கூரை தாங்கக்கூடிய பனி, பதினெட்டு அங்குலம்."
ஐந்து பேரும் அண்ணாந்து பார்த்தோம்.
தலைவர் லாய்ட் ஹாவிஸ்டோ பார்க்கவில்லை.
கையுறையை மாட்டினார்,
கதவோரம் சாத்தியிருந்த பனிவாரியை எடுத்தார்,
"பத்து நிமிஷம்" என்று ஏணியில் ஏறிப் போய்விட்டார்.

விவாதம் தொடர்ந்தது.
இடித்துவிடலாம் என்றாள் ஜென்னா.
மேலே, சரக்.
விற்றுவிடலாம் என்றார் மிலன்.
சரக்.
பிறகு ஒரு மௌனம், ஜன்னலுக்கு வெளியே
கன்றுக்குட்டி அளவு வெள்ளை ஒன்று
தொப்பென்று விழுந்து, அறை ஒரு கணம் இருண்டது.
சங்கு ஒலித்தால் என் நாய் ஊளையிடும்,
அது ஊளையிட்டால்தான் நான் சாப்பிட உட்காருவேன்
என்றார் பியேத்ரோ ஃபான்டி. யாரும் மறுக்கவில்லை.

விற்கலாம் என்று முன்மொழிந்தது மிலன்.
வழிமொழிந்தது ஜென்னா, அரை மனதோடு.
ஆதரவு இரண்டு. எதிர்ப்பு இரண்டு.

மிலன் ஏணியில் பாதி ஏறி
கூரைக் கதவைத் தலையால் முட்டித் திறந்தார்.
"லாய்ட்! இரண்டுக்கு இரண்டு! உன் ஓட்டு?"
"எதுக்கு?"
"கட்டடத்துக்கு!"
திறந்த சதுரத்தின் வழியே பனித்தூள் இறங்கி
அறிக்கையின் மேல் உருகிக்கொண்டிருந்தது.
"வடக்குப் பக்கம் இன்னும் பாக்கி" என்று பதில் வந்தது.
மறுபடி சரக், சரக்.

இது ஆதரவா, எதிர்ப்பா?
ஓட்டுப் போடுகிறவர் கூட்டம் நடக்கும் இடத்தில்
இருக்க வேண்டும் என்கிறது விதி.
கூரை, கூட்டம் நடக்கும் இடமா?
நகர வழக்கறிஞர் தொலைபேசியை எடுக்கவில்லை.
ஏப்ரல் எட்டுக்கு ஒத்திவைத்தார்கள்.
நான் எழுதினேன்:
அறையில், நால்வர். கூரையில், ஒருவர்.

புருவமெல்லாம் வெள்ளையாக லாய்ட் இறங்கி வந்தார்.
என்ன முடிவாச்சு என்று கேட்கவில்லை.
உடைந்த பிடியை மேசைமேல் வைத்தார்.
புதுப் பனிவாரி, முப்பத்து நாலு டாலர்.
மிலன் முன்மொழிய, பியேத்ரோ வழிமொழிய,
ஐந்து கைகள்.

எட்டு மணி ஐந்து நிமிஷத்துக்குக் கூட்டம் கலைந்தது.
வெளியே
மறுபடி பெய்யத் தொடங்கியிருந்தது.