பதினாறரை

பல் கட்டும் கூடத்தில் ஆறு மணிக்கு மேல் ஆளிருக்காது.
நாளை போக வேண்டிய மூன்று கடைவாய்ப் பற்களைத்
தட்டில் ஒதுக்கிவிட்டு
வெள்ளிக் கம்பியை எடுக்கிறேன்.

சவுகார்பேட்டையில் நிறுத்து வாங்கியது,
நாலே முக்கால் கிராம்.
கல், காசிமேட்டில் சும்மா கிடைத்தது.
எவனோ குடித்து உடைத்த பச்சைப் புட்டி.
முனையெல்லாம் கடல் ராவிக் கொடுத்திருந்தது,
கூலி கேட்காமல்.

வெண்காரம் பொங்கி அடங்குகிறது.
பற்றாசு
சட்டென்று தண்ணீராகி இணைப்பைத் தேடி ஓடும்
அந்த ஒரு நொடி
ஊதுகுழலை விலக்கத் தவறினால்
வளையம் உருண்டையாகிவிடும்.
இரண்டு முறை ஆனது.

மூன்றாவது, புளித்தண்ணீரில் கிடந்து கறுப்பு விட்டது.
கூட்டுக்குள் கல் உட்கார மாட்டேன் என்றது.
பல்லுக்குச் செய்வதையே செய்தேன்:
நீலத்தாள் வைத்து அழுத்தி
எங்கே இடிக்கிறதென்று பார்த்து
அங்கே மட்டும் ஒரு மயிரிழை.

விளிம்பை மடக்கி முடிக்கும்வரை
மூச்சை எங்கோ வைத்துவிட்டிருந்தேன்.

பதினாறரை அளவு.
மார்கழியில் நூல் சுற்றி எடுத்தது.
இது சித்திரை, புரசைவாக்கம்,
மின்சாரமும் போய்விட்டது.
மோதிர விரல் ஊதிக்கிடக்கிறது.
கணுவுக்கு மேல் ஏறவில்லை.

அறுத்து, ஒட்டி, பெரிதாக்கலாம்.
இன்னொரு முறை அந்த நொடி.
வேண்டாம்.
சுண்டுவிரலுக்கு என்ன குறை?

பேருந்தில் கம்பியைப் பிடித்ததும்
டிக்.
என் கையிலிருந்து இப்படியொரு சத்தம் வந்ததேயில்லை.
இன்னொரு முறை தட்டிப் பார்த்தேன்.
"நல்லாருக்கே, எங்க செஞ்சீங்க?"
பக்கத்தில் நின்றவள்.
பல் கட்டுற இடத்துல என்றேன்.
அவள் கல்லையே பார்த்தாள்,
பிறகு என் வாயை,
கொஞ்சம் தள்ளி நின்றாள்.