வெள்ளிக்கிழமைச் சத்தம்

சோப்புத்தூள் போடக்கூடாது என்பது முதல் விதி.
பாத்திரம் தேய்க்கிற நார் படவே கூடாது என்பது
முதல் விதிக்கும் முந்தியது.
பஹ்ரைனில் யாருடையதோ ஒரு படகின் தளத்தில் நின்று
ததேயுஸ் இதையெல்லாம் சொல்வார்,
உப்பு காய்ந்த உதடுகளால்
உப்பைப் பற்றி.

"நம்ம வீட்டுக்கும் கடலுக்கும் எத்தன அடி?
அடிக்குற காத்து மொத்தமும் உப்பாக்கும் பிள்ளே.
அடிப்பாகத்துக்கு நல்ல வெள்ளம் விட்டு அடி.
சக்கரத்துக்கு மேல, வளைவுக்குள்ள, கைய விட்டுப் பாரு."

விட்டுப் பார்த்தேன்.
ஈரக் கருமணல்,
மக்கிய வாதமர இலை ஒன்று,
கொடியேற்றத்தன்று பறந்து ஒட்டிய ஜிகினா.

மழையில் நனைந்ததை அப்படியே போர்த்தக் கூடாது;
உள்ளுக்குள்ளேயே வெந்து துருப்பிடிக்கும்.
காக்கை எச்சத்தைக் காய விடக்கூடாது.
மூன்று நாளுக்கொரு தடவை ஸ்டார்ட் செய்ய வேண்டும்,
பேட்டரி சும்மா கிடந்தால் செத்துப்போகும்.
டயர் ஒரே இடத்தில் நின்றால் அந்த இடம் சப்பும்,
அதனால் முன்னே ஒரு முழம், பின்னே ஒரு முழம்
உருட்டி வைக்க வேண்டும்.

அப்படித்தான் ஆரம்பித்தது.
முன்னே ஒரு முழம்.
பின்னே ஒரு முழம்.
ஒருநாள் குருசடி வரை.
திங்கள்சந்தையில் டிரைவிங் பள்ளிக்குக் கட்டிய பணத்தை
மீன் கணக்கில் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு.
போனை பானட்டின் மேல் வைக்கச் சொல்வார்.
"இனி ரேஸ் கொடு. பைய, பைய."
இரண்டு நிமிடம் ஒரு வார்த்தை பேசாமல் கேட்பார்.
கோயிலில்கூட அவர் அத்தனை நேரம்
அசையாமல் நின்று நான் பார்த்ததில்லை.

அது முடிந்ததும் படங்கள் வரும்.
வரப்போகிற வண்டிகள்.
வரிக்குதிரை மாதிரி ஸ்டிக்கர் ஒட்டி, முகம் மறைத்து
ஏதோ மலைச்சாலையில் ஓடுகிற ஒன்று.
கூரை முழுக்கக் கண்ணாடி பதித்த ஒன்று.
ஆறு காற்றுப்பைகளாம். பின்னால் வருவதைத் திரையில் பார்க்கலாமாம்.
தீபாவளிக்கு வரும், தப்பினால் கிறிஸ்மஸுக்கு.
விலையை இன்னும் வெளியே சொல்லவில்லையாம்.
வலைக்கு வாங்கிய கடனை
நாங்களும்தான் வெளியே சொல்லவில்லை.

"இது கரண்டு வண்டியாக்கும்.
பக்கத்துல நின்னாலும் ஓடுறது தெரியாது, கேட்டியா,
சத்தமே கிடையாது!"
அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.
அப்போது வெள்ளிக்கிழமை என்ன கேட்பீர்கள் என்று
நான் கேட்கவில்லை.

ஆடியில் ஒரு வெள்ளி.
பானட்டின் மேல் போன். ரேஸ் கொடுத்தேன்.
அரை நிமிடம்கூட ஆகவில்லை.
"நிறுத்து," என்றார்.
நிறுத்தினேன்.
"இது கிடந்த வண்டிக்க சத்தம் இல்ல."
இங்கே ஒரு கடல், அங்கே ஒரு கடல்,
இரண்டும் போனுக்குள் இரைந்தன.
"எதுவரைக்கும் போனே?"

திங்கள்சந்தை என்று சொல்லத்தான் நினைத்தேன்.
ஆரல்வாய்மொழி என்று வந்துவிட்டது.

"காத்தாடிப் பக்கத்துல ஓரமா நிறுத்துனேன்.
காத்து கதவத் திறக்க விடல்ல.
அப்ப ஒரு நீள லாரி கணவாய்க்குள்ள வந்துது,
எட்டு புது வண்டி ஏத்திட்டு.
எல்லாத்துலயும் வெள்ளைத் தாளு ஒட்டியிருந்துது.
ஒரு பொட்டு உப்பு பட்டிருக்காது, பாத்துக்கிடுங்க.
அதுல ஒண்ணு நீங்க அனுப்புன படம்போல..."

அந்தப் பக்கம் யாரோ இரும்பில் தட்டினார்கள்.
யாரோ அரபியில் கூப்பிட்டார்கள்.
அவர் போகவில்லை.

"டயர்ல எவ்வளவு காத்து வச்சே?"
"முப்பத்திமூணு."
"கொள்ளாம்."
மறுபடியும் கொஞ்ச நேரம் கடல் மட்டும்.
"வந்ததும் அடிப்பாகம் கழுவுனியா?"

"கழுவினேன்," என்றேன்.

போனை வைத்துவிட்டு
குழாயைத் திறந்தேன்.