பின்சீட்டுக்கு அந்தப் பக்கம்

ஜூலையில் ஒரு செவ்வாய்,
ஒன்பது நிமிடம் ஆலங்கட்டி பெய்தது பியூப்லோவில்.
என் ஹேட்ச்பேக்கின் கூரை
அம்மை வார்த்த முகமாகிவிட்டது.
சரிசெய்யும் செலவு வண்டி விலையைத் தாண்டுகிறது
என்றார் காப்பீட்டுக்காரர், பேனாவை மூடியபடி.
இழுவை வண்டி வருவதற்குள்
ஒன்றை மட்டும் கழற்றிக்கொண்டேன்:
பன்னிரண்டு அங்குல சப்வூஃபர்,
ஒஸ்வால்டோவும் நானும் ஓர் ஈஸ்டர் விடுமுறையில்
பலகை அறுத்து ஒட்டிய பெட்டியோடு.

இப்போது செடான்.
ஓய்வுபெற்ற பள்ளிக் கணக்கர் ஒருவர் ஓட்டியது,
டிக்கியில் இன்னும் நாய்த்தீனி வாசம்.
அதே பெட்டி, அதே ஆம்ப்ளிஃபையர், அதே ஒயர்,
அதே பாட்டு.
பக்கத்து வீட்டில் யாரோ
தலையணையைத் தட்டிப் போடுவதுபோல் ஒரு சத்தம்.
அவ்வளவுதான்.

ஒஸ்வால்டோ வந்தான்
மீட்டரோடும் பாதி தின்ற பரிட்டோவோடும்.
"முதலில் எர்த்."
சீட் போல்ட்டில் மாட்டியிருந்தேன், பெயிண்டின் மேலேயே.
தகடு பளிச்சென்று தெரியும்வரை
உப்புத்தாளால் தேய்த்தான்.
பதினொன்றில் தள்ளாடிய வோல்ட்
பன்னிரண்டரையில் நிமிர்ந்தது.
பாட்டு நிமிரவில்லை.

ப்ளஸ்ஸையும் மைனஸையும் இடம் மாற்றினோம்.
இருந்த கொஞ்சமும் போனது.
திருப்பி மாட்டினோம்.
கெயினை நான் இன்னும் ஏற்றப் போக
கையைத் தட்டிவிட்டான். தொழிலில் அவன் பிளம்பர்.
"அடைத்த குழாய்க்கு அழுத்தம் ஏற்றினால்
குழாய்தான் வெடிக்கும்."
பெட்டியை முன்பார்த்து, பின்பார்த்து, ஒருக்களித்து,
தூங்காத பிள்ளையைப் போலக்
கிடத்திக் கிடத்திப் பார்த்தோம்.
கடைசியில் நாற்பது ஹெர்ட்ஸ், ஒற்றைச் சுருதி,
நான் ஓட்டுநர் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு
தலைவலிக்காரி மாதிரி.

குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்த
எதிர்வீட்டு கோச்செவார்
கண்ணாடியைத் தட்டினார்.
"என் சமையலறையில் கரண்டிகள் நடக்கின்றன."
எனக்கு எதுவும் கேட்கவில்லையே, என்றேன்.
சொல்லி முடித்த பிறகுதான்
நான் சொன்னது எனக்கே உறைத்தது.

இறங்கி வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன்.
நம்பர் பிளேட்டுக்குக் குளிர்சுரம், பற்கள் கிடுகிடுத்தன.
டிக்கி மூடியில் உள்ளங்கையை வைத்தேன்:
ஓடி வந்து நின்ற மாட்டின் விலா.

எல்லாம் இங்கேதான் இருந்திருக்கிறது.
தெருவுக்குப் பாதி, கோச்செவாரின் கரண்டிகளுக்கு மீதி.

பழைய வண்டியில் அதற்கும் எனக்கும் நடுவே
ஒரு துணி மறைப்புதான்; காற்று ஒன்றே.
இங்கே தகரம், நுரை, முதுகைக் காட்டும் சீட்டு.
பெட்டியை நாங்கள் செய்ததாக நினைத்திருந்தோம்.
வாத்தியத்தில் பாதி அந்த வண்டியின் வயிறு.
ஆலங்கட்டி அதையும் கொண்டுபோயிருக்கிறது,
காப்பீட்டுத் தாளில் அதற்கென்று கட்டம் இல்லை.

ஒஸ்வால்டோ டிக்கிக்குள் தலையை விட்டு
ஒரு நாடாவை இழுத்தான்.
பின்சீட்டின் சின்னப் பாதி மடிந்து விழுந்தது.

வந்தது.
முதலில் தொடையில், பிறகு நெஞ்செலும்பில்,
காதுக்குக் கடைசியில்.
அவன் எதுவும் சொல்லவில்லை.
ஆறிப்போன பரிட்டோவைத் தின்று முடித்தான்.

பெரிய பாதி ரமோனாவுக்கு.
திங்கட்கிழமை பள்ளியிலிருந்து ஏறியவள்
பக்கத்தில் வாய் திறந்திருந்த இருட்டைப் பார்த்தாள்,
மோந்தாள்.
"உள்ளே நாய் இருக்கா?"
பாட்டைப் போட்டேன்.
இரண்டு காலையும் சடாரென்று சீட்டின்மேல் தூக்கிக்கொண்டாள்.
"பெரிய நாய்."

நார்த்தர்ன் அவென்யூ சிக்னலில்
கண்ணாடியில் பார்த்தேன்,
இருட்டின் விளிம்பில் ஒரு பிஸ்கட்,
அதிர்ந்து அதிர்ந்து
கொஞ்சம் கொஞ்சமாக
உள்ளே நகர்ந்துகொண்டிருந்தது.